எண்ணெய் குடிக்கும் மண்

லுமீர் எனக்கு எண்ணூறு கொருனா தரவேண்டும்.
தரவில்லை.
பதிலுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியைத் தந்தான்.
நூற்றுப்பன்னிரண்டு லிட்டர்,
ஓரத்தில் பழைய உப்புக் கோடு,
அடியில் யாரோ விட்டுப்போன
ஒரு நீலக் கூழாங்கல்.
பக்கத்து இருக்கைக்கும் டிக்கெட் கேட்பார்களோ என்ற பயத்தோடு
டிராமில் கொண்டுவந்தேன்.

ஆஸ்ட்ராவாவில் ஜனவரி என்றால்
நாலு மணிக்கே தெருவிளக்கு.
பச்சையாக ஏதாவது வேண்டியிருந்தது எனக்கு.
மீன்கூட அப்புறம்தான்.

செடிக்கு மண் வேண்டுமே.
கடையில் ஓட்டகர் ஒரு பையைத் தூக்கிக் காட்டினார்.
மிளகு மாதிரி கறுப்பு உருண்டைகள்,
ஜப்பானிலிருந்து வந்ததாம்,
ஒன்பது லிட்டர் ஆயிரத்து நூற்றுத்தொண்ணூறு.
உங்களுக்கு இரண்டு பை போதும் என்றார்.
'போதும்' என்ற சொல்லை இவ்வளவு தாராளமாக
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.
வெந்நீர்க் கட்டண ரசீது கோட்டுப் பையில் இருந்தது,
தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஆற்றுச் சரளை இலவசம்.
கரையோரப் பனித்தகட்டை உடைத்து
ஒரு வாளி அள்ளி வந்தேன்.
சமையலறையில் மூன்று சொட்டு வினிகர்,
கல் நுரைத்தது.
சுண்ணாம்பு.
மெல்ல மெல்லக் கரைந்து
தண்ணீரைக் கடினமாக்கிவிடும் கல்,
பார்க்க எவ்வளவு சாதுவாக இருந்தது.
மறுநாள் கொண்டுபோய் ஆற்றிலேயே போட்டேன்.
நாயோடு வந்த ஒருவர் நின்று பார்த்தார்.
ஆற்றுக்குக் கல்லைத் திருப்பித் தருகிறவளை
அவர் முன்பு கண்டிருக்க வாய்ப்பில்லை.

அடுத்தது பூனை மணல், எழுபத்தொன்பது.
குடுவையில் ஊறப்போட்டுப் படுத்தேன்.
காலையில் கூழ்.
கரண்டி செங்குத்தாக நின்றது.
பூனைக்கு அது சரி.

விளையாட்டுத் திடல் மணல் மாவு மாதிரி,
இறுகினால் வேருக்கு மூச்சு முட்டும் என்றாள்
மேல்மாடி ப்ளாஷேனா.
அவள் தொட்டி
அழுகின முட்டையாய் நாறியது,
நம்பினேன்.

அந்த வாரம் இரவுப்பணி.
பணிமனையின் மூன்றாம் குழியில் ஒரு டிராம்
கியர்ப்பெட்டி ஒழுகி நின்றது.
வழக்கம்போல் மூட்டையைப் பிரித்து
துகளை வாரி இறைத்தேன்.
பதினோரு வருடமாக இறைக்கிறேன்,
செங்காவி நிறம், கம்பு அளவு,
எண்ணெய் குடித்துக் கறுக்கும்,
பெருக்கிக் கொட்டுவோம்.
அன்றைக்குத்தான் குனிந்து
ஒன்றைப் பொறுக்கி விரலிடுக்கில் நசுக்கினேன்.
நசுங்கவில்லை.
மூட்டையின் முதுகைப் படித்தேன்:
சுட்ட களிமண். வேறெதுவும் சேர்க்கவில்லை.

திருடவில்லை, அதுவும் கணக்கில் இருக்கட்டும்.
மொத்தக் கடையில் இருபது கிலோ இருநூற்றறுபது.
வினிகருக்கு மௌனம்.
ஓர் இரவு ஊறியும் மணி மணியாக அப்படியே.

குளியலறையில் கழுவினேன்.
பதினேழாவது வாளியில் தண்ணீர்
தேநீர் நிறத்துக்கு இறங்கியது.
முதுகு விட்டுப்போச்சு, நிறுத்திவிட்டேன்.
நிறுத்தியிருக்கக் கூடாது.
மூன்று நாள் என் தொட்டிக்குள்
ஆலைப்புகை இறங்கிய தெரு.

துகளுக்குக் கனமும் இல்லை.
நட்டதெல்லாம் காலையில் மேலே மிதந்தது.
துருப்பிடிக்காத நட்டு ஒவ்வொன்றிலும்
ஒரு தண்டைக் கட்டி இறக்கினேன்.
எனக்குத் தெரிந்த தோட்டக்கலை அவ்வளவுதான்.
நீலக் கல்லையும் உள்ளே போட்டேன்,
அது நுரைக்குமா என்று மட்டும்
சோதிக்கவில்லை.

இந்த மண்ணிடம் சோறு கிடையாது.
கொடுத்தால் பிடித்துவைக்கும்,
எண்ணெயைப் பிடித்த அதே வாய்.
வேர் வந்து கேட்டால்
கொஞ்சம் கொஞ்சமாக விடுமாம்.
உரவில்லைகளை விரலால் அழுத்திப் புதைத்தேன்,
முழங்கைவரை ஈரம்.

பிப்ரவரியில் இலைகள் எல்லாம் கரைந்து விழுந்தன.
லுமீர் வந்தான்,
செத்துப்போச்சு என்றான்.
கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.
துகளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு வெள்ளை வேர், நூலைவிட மெலிசு,
ஒரு மணியைச் சுற்றி வளைந்து
அடுத்ததற்கு எட்டிக்கொண்டிருந்தது.
வெகுநேரம் பார்த்தான்.
அவன் மூச்சில் கண்ணாடி மங்கியது,
சட்டைக்கையால் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தான்.

மண் எவ்வளவு ஆச்சு என்றான்.

இருநூற்றறுபது.
உன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.